பட்டத்துக்கு முந்திய ஓராண்டு: இறுதியாண்டு மாணவர்களும் பெற்றோரும் தெரிந்துகொள்ள வேண்டியவை

“இன்னும் ஒரு வருஷம்தானே, அப்புறம் கஷ்டமெல்லாம் தீர்ந்துடும்.” பல்கலைக்கழகத்தில் பிள்ளை படிக்கும் வீடுகளில் அடிக்கடி கேட்கும் பேச்சு இது. பால்மரம் வெட்டியும், செம்பனைக் குலை அறுத்தும், லோரி ஓட்டியும் பிள்ளையைப் படிக்க வைத்த பெற்றோருக்கு அந்த ஒரு வருஷம் காத்திருப்புக் காலம். மாணவருக்கோ அது முந்திய ஆண்டுகளைப் போல இருப்பதில்லை.

முதலாம், இரண்டாம் ஆண்டுகளில் கால அட்டவணை மாணவரை இழுத்துச் செல்லும். காலையில் விரிவுரை, மாலையில் டியூட்டோரியல், வாரக் கடைசியில் அசைன்மென்ட். இறுதியாண்டில் வகுப்புகள் குறைந்துவிடும். அதற்குப் பதிலாக ஆய்வுத் திட்டம், தொழில்துறைப் பயிற்சி, வேலை தேடல், கடன் கணக்கு என்று நான்கு வேலைகள் ஒன்றாக வந்து சேரும். எவரும் பின்னால் நின்று விரட்ட மாட்டார்கள். படிப்பில் கெட்டிக்காரராக இருந்தவர்கள்கூடத் தடுமாறுவது இங்கேதான். காரணம் பெரும்பாலும் அறிவுக் குறைவு அல்ல. சிக்கல் சிறிதாக இருக்கும்போது யாரிடமும் சொல்லாமல் விட்டதே காரணமாக இருக்கிறது.

முதல் வாரத்திலேயே கிரெடிட் கணக்கு

நாட்டில் இளங்கலைப் பட்டத்துக்குக் குறைந்தது 120 கிரெடிட் தேவை. பொறியியல் போன்ற துறைகளில் அதைவிடக் கூடுதல். இறுதியாண்டு தொடங்கியதும் செய்யவேண்டிய முதல் வேலை, இதுவரை முடித்த பாடங்களின் பட்டியலை அச்செடுத்து, துறை கொடுத்த பாடத்திட்ட அமைப்போடு வரிவரியாக ஒப்பிடுவதுதான்.

முக்கியப் பாடங்களில் தவறு நேர்வது அரிது. விட்டுப்போவது சின்னச் சின்னப் பாடங்கள்தாம். ஒரு புறப்பாடம், எல்லாரும் எடுக்கவேண்டிய பொதுப்பாடம் ஒன்று, மூன்றாம் மொழிப் பாடம் ஒன்று. சில பாடங்கள் ஆண்டுக்கு ஒரு செமஸ்டரில் மட்டுமே நடத்தப்படும். அதைத் தவறவிட்டால், இரண்டு மூன்று கிரெடிட்டுக்காக மேலும் ஓராண்டுகூடக் காத்திருக்க நேரலாம். பட்டம் பெற மூவெட் தேர்வில் குறிப்பிட்ட பேண்ட் வேண்டும் என்று நிபந்தனை வைத்திருக்கும் பல்கலைக்கழகங்களும் உண்டு. அதையும் இப்போதே சரிபார்த்துவிட வேண்டும். ஒப்பிட்ட தாளை எடுத்துக்கொண்டு கல்வி ஆலோசகராக நியமிக்கப்பட்ட விரிவுரையாளரைப் பார்த்து, “நான் இந்த ஆண்டு முடிக்க முடியுமா?” என்று நேராகக் கேட்பதில் வெட்கம் எதுவும் இல்லை.

புள்ளி எவ்வளவு உயரும்?

இறுதியாண்டில் நன்றாகச் செய்தால் சி.ஜி.பி.ஏ. எங்கேயோ போய்விடும் என்று பலர் நம்புகிறார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தால் உண்மை தெரியும்.

120 கிரெடிட் படிப்பில் 90 கிரெடிட் முடிந்து, சி.ஜி.பி.ஏ. 2.90 இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மீதமுள்ள 30 கிரெடிட்டில் சராசரி 3.30 எடுத்தால் முடிவில் சரியாக 3.00 வரும். பல பல்கலைக்கழகங்களில் இரண்டாம் வகுப்பு மேல்நிலைக்கு 3.00 தேவை. மேற்படிப்புக்கும் சில நிறுவனங்களின் வேலை நேர்காணலுக்கும் இதே எண் வாசலாக நிற்கிறது. ஆக, 2.90-இல் இருப்பவருக்கு இறுதியாண்டு உண்மையாகவே ஒரு வாய்ப்பு.

இன்னொருவர் 3.60-இல் இருக்கிறார். முதல் வகுப்புக்கு அவருடைய பல்கலைக்கழகம் 3.67 கேட்கிறது. மீதி 30 கிரெடிட்டில் அவருக்கு 3.88 தேவை. கடினம்தான், ஆனால் முடியாதது அல்ல. 3.50-இல் இருப்பவருக்கோ 4.00 முழுவதும் எடுத்தாலும் 3.67 எட்டாது. அவர் அந்தக் கவலையை விட்டுவிட்டு, நல்ல ஆய்வுக்கும் நல்ல பயிற்சி இடத்துக்கும் நேரத்தைச் செலவிடுவது புத்திசாலித்தனம். முதல் வகுப்பு எல்லை பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் மாறுவதால், சொந்தப் பல்கலைக்கழகத்தின் எண்ணைத் தெரிந்துகொண்டு கணக்குப் போடவேண்டும்.

ஆய்வுத் திட்டம்: 240 மணி நேரம்

இறுதியாண்டு ஆய்வுத் திட்டம்தான் பலருக்கு மலையாகத் தெரிகிறது. மலையையும் அளந்து பார்க்கலாம். நம் நாட்டுக் கல்வித் தர அளவின்படி ஒரு கிரெடிட் என்பது மாணவரின் 40 மணி நேர உழைப்பு. ஆய்வுத் திட்டம் 6 கிரெடிட் என்றால் 240 மணி நேரம். தலா 14 வாரம் கொண்ட இரண்டு செமஸ்டருக்கு அதைப் பிரித்தால் வாரத்துக்கு எட்டரை மணி நேரம் வரும். வாரத்தில் ஒரு முழு நாள் என்று சொல்லலாம்.

இதே வேலையைக் கடைசி ஆறு வாரத்துக்குத் தள்ளிவைத்தால் வாரத்துக்கு 40 மணி நேரம். அது ஒரு முழுநேர வேலை. தேர்வும் மற்ற பாடங்களும் கூடவே இருக்கும்.

தலைப்பைத் தேர்ந்தெடுக்கும்போதே அனுமதிகளைப் பற்றி யோசிக்கவேண்டும். நம் மாணவர்கள் பலர் தமிழ்ப்பள்ளிகளைப் பற்றியோ தோட்டப்புற மக்களைப் பற்றியோ ஆய்வு செய்ய ஆசைப்படுகிறார்கள். நல்ல ஆசை. ஆனால் பழக்கமான தலைமையாசிரியர் சரி என்று சொன்னதால் மட்டும் பள்ளியில் கேள்வித்தாள் கொடுத்துவிட முடியாது. கல்வி அமைச்சின் ஆய்வு அனுமதியை முன்கூட்டியே பெறவேண்டும். அரசாங்க மருத்துவமனை, கிளினிக் என்றால் சுகாதார அமைச்சின் பதிவும் ஆய்வு நெறிக்குழுவின் ஒப்புதலும் தேவை. தோட்டத்துக்குள் ஆய்வு என்றால் நிர்வாகத்திடம் கடிதம் கொடுக்கவேண்டும். இவற்றுக்கெல்லாம் வாரக்கணக்கில் ஆகும். இரண்டாம் செமஸ்டரில் விண்ணப்பிக்கத் தொடங்கினால், அனுமதி வரும் நேரத்தில் ஆய்வை ஒப்படைக்கும் நாளும் வந்துவிடும்.

எழுதும் வேலையை முதல் மாதத்திலேயே தொடங்கலாம். படிக்கும் ஒவ்வொரு கட்டுரைக்கும் ஐந்து வரி சொந்த நடையில் எழுதிவைத்தால், முன்னாய்வு அத்தியாயம் பாதி முடிந்த மாதிரி. வெட்டி ஒட்டும் பழக்கத்தை டர்னிட்டின் போன்ற மென்பொருள் காட்டிக் கொடுத்துவிடும். செயற்கை நுண்ணறிவுக் கருவிகளை எந்த அளவுக்குப் பயன்படுத்தலாம் என்பதையும் துறையிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளவேண்டும். எழுதியதைக் கணினியில் மட்டும் வைத்திருக்கக்கூடாது. கூகல் டிரைவிலோ தம்பி தங்கையின் கணினியிலோ இன்னொரு பிரதி இருக்கட்டும்.

மேற்பார்வையாளரைத் தவிர்க்கத் தொடங்கும் நாள்

ஆய்வு கெட்டுப்போவது பெரும்பாலும் ஒரே மாதிரிதான் தொடங்குகிறது. ஒரு வாரம் வேலை நகரவில்லை. வெறுங்கையோடு மேற்பார்வையாளரைப் பார்க்கப் போவதா என்று சந்திப்பைத் தள்ளிப்போடுகிறார் மாணவர். அடுத்த வாரம் இரண்டு வாரத்து வேலையைக் காட்டவேண்டும் என்ற பயம். அதையும் தள்ளிப்போடுகிறார். பிறகு வாட்ஸ்அப்பில் வரும் செய்தியைத் திறக்கவே பயம். துறைக் கட்டடத்தில் அவர் வருவது தெரிந்தால் வேறு படிக்கட்டு வழியாகப் போகவேண்டியிருக்கிறது. வீட்டில் கேட்டால், “எல்லாம் ஓகே அம்மா.” இப்படியே பத்தாவது வாரம் வந்துவிடும்.

இதை உடைக்க ஒரு குறுஞ்செய்தி போதும். “டாக்டர், மூன்று வாரமாக என் வேலை நகரவில்லை. இரண்டாம் அத்தியாயம் பாதியில் நிற்கிறது. கேள்வித்தாளில் சிக்கல் இருக்கிறது. செவ்வாய்க்கிழமை பத்து நிமிடம் பார்க்க முடியுமா?” எங்கே நிற்கிறோம், எது தடை, என்ன உதவி வேண்டும் என்ற மூன்றும் அதில் இருக்கின்றன. நான்காவது வாரத்தில் இதை அனுப்பினால் தலைப்பைச் சுருக்கலாம், மாதிரியைக் குறைக்கலாம், முறையை மாற்றலாம். பதின்மூன்றாவது வாரத்தில் அனுப்பினால், மேற்பார்வையாளர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் செய்வதற்கு அதிகம் இருக்காது.

பயிற்சி இடம் கிடைத்தால் மட்டும் போதாது

தொழில்துறைப் பயிற்சி பல படிப்புகளில் கடைசி செமஸ்டரில் வருகிறது. கிள்ளான் பள்ளத்தாக்கில் பெரிய நிறுவனம் ஒன்றில் இடம் கிடைத்தது என்றால் வீட்டில் மகிழ்ச்சிதான். ஒப்புக்கொள்வதற்கு முன் செலவுக் கணக்கையும் போட்டுப் பார்க்கவேண்டும். அலவன்ஸ் உண்டா, எவ்வளவு, முதல் மாதத்திலேயே வருமா, இரண்டாம் மாதம்தானா? வீட்டு வாடகை, முன்பணம், ரயில் அல்லது மோட்டார் செலவு எவ்வளவு? வளாக விடுதியில் தங்கிப் படித்தவருக்கு இந்தச் செலவெல்லாம் புதிது.

அலவன்ஸ் குறைவாக இருந்தாலும் வேலை கற்றுத்தரும் இடம் நல்லதாக இருக்கலாம். சொந்த ஊரிலிருந்து போய்வரக்கூடிய சிறிய நிறுவனம், பெயர் பெற்ற நிறுவனத்தைவிட அதிக அனுபவம் தரவும் கூடும். ஈப்போ, சுங்கைப் பட்டாணி, சிரம்பான் போன்ற நகரங்களிலும் பொறியியல், கணக்கியல், கணினித் துறைப் பயிற்சி இடங்கள் உண்டு. எங்கே போனாலும், அன்றாட வேலைக் குறிப்பேட்டை அன்றன்றே எழுதிவிட வேண்டும். கடைசி வாரத்தில் மூன்று மாதத்தை நினைவிலிருந்து எழுதியது படிப்பவருக்குத் தெரிந்துவிடும்.

கடன்: மறக்கக்கூடாத நான்கு

பி.டி.பி.டி.என். கடனில் படிப்பவர்கள் இறுதியாண்டில் நான்கு விஷயங்களைக் கவனிக்கவேண்டும்.

முதலாவது, ஒப்பந்தத்தில் உள்ள படிப்புக் காலத்தை வைத்துத்தான் கடன் கணக்கிடப்படுகிறது. படிப்பு ஒரு செமஸ்டர் நீண்டால் அந்தச் செலவு கைக்காசாகத்தான் இருக்கும் என்று நினைத்தே திட்டமிட வேண்டும். கிரெடிட் கணக்கை முதல் வாரத்தில் பார்க்கச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

இரண்டாவது, முதல் வகுப்பில் பட்டம் பெறுபவர்களுக்குக் கடனைத் திரும்பச் செலுத்துவதிலிருந்து விலக்கு அளிக்கும் திட்டம் உண்டு. ஆனால் மாணவர்தாம் விண்ணப்பிக்கவேண்டும், காலக்கெடுவுக்குள் விண்ணப்பிக்கவேண்டும். தகுதி நிபந்தனைகள் மாற்றப்பட்டு வந்திருப்பதால், அண்ணன் வாங்கினார், அக்காவுக்குக் கிடைத்தது என்று இருந்துவிடாமல், பட்டம் பெறும் ஆண்டில் உள்ள நிபந்தனையை அதிகாரப்பூர்வ இணையத்தளத்தில் படிக்கவேண்டும்.

மூன்றாவது, கடனுக்கு ஆண்டுக்கு 1 விழுக்காடு உஜ்ரா எனப்படும் நிர்வாகக் கட்டணம் உண்டு. எந்த மாதத்திலிருந்து எவ்வளவு கட்டவேண்டும் என்பது திருப்பிச் செலுத்தும் அட்டவணையில் இருக்கும். வேலை கிடைக்கவில்லை என்றால் வாயை மூடிக்கொண்டு இருக்காமல், கிளை அலுவலகத்துக்குப் போய் தவணையைத் தள்ளிவைக்கவோ குறைக்கவோ கேட்கவேண்டும்.

நான்காவது, இந்தக் கடன் பேங்க் நெகாராவின் சி.சி.ஆர்.ஐ.எஸ். பதிவிலும் தெரியும். நாளைக்கு மோட்டார், கார், வீட்டுக் கடன் கேட்கும்போது வங்கி அதைப் பார்க்கும்.

படிக்கும்போதே சாப்பாட்டுக்குக் கஷ்டம் என்றால், மாணவர் விவகாரப் பிரிவில் நலநிதி, உணவு வங்கி போன்ற உதவிகள் பற்றிக் கேட்கலாம். குறைந்த வருமானக் குடும்பத்து இந்திய மாணவர்களுக்கு மித்ரா உதவி அறிவிக்கும் காலங்களில் பெற்றோரின் வருமானச் சான்று கையில் தயாராக இருந்தால் அலைச்சல் மிச்சம்.

வீட்டுக்கும் ஓர் அட்டவணை

பல பொதுப் பல்கலைக்கழகங்களில் கல்வியாண்டு அக்டோபர் வாக்கில் தொடங்குகிறது. தொடங்கிய சில வாரத்திலேயே தீபாவளி வந்துவிடும். தைப்பூசம் வரும்போது முதல் செமஸ்டரின் தேர்வுக் காலம் அருகில் இருக்கும், சில ஆண்டுகளில் நடந்துகொண்டே இருக்கும். இடையில் சொந்தத்தில் கல்யாணம், சடங்கு, கோயில் திருவிழா. “ஒரு நாள் வந்துட்டுப் போ” என்பது பெற்றோருக்குச் சின்ன வேண்டுகோள். சின்தோக்கிலிருந்தோ கோத்தா கினபாலுவிலிருந்தோ வரும் மாணவருக்கு அது மூன்று நாள், டிக்கெட் செலவு வேறு.

இதற்கு எளிய வழி, ஆய்வை ஒப்படைக்கும் நாள், வாய்மொழித் தேர்வு, இறுதித் தேர்வு, பயிற்சி தொடங்கும் நாள் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி வீட்டுக் குளிர்பதனப் பெட்டியில் ஒட்டிவைப்பதுதான். அத்தைக்கும் மாமாவுக்கும் பதில் சொல்ல அம்மாவுக்கு அந்தத் தாளே துணை. வாய்மொழித் தேர்வு என்றால் என்ன, ஏன் ஒரு புத்தகம் அளவுக்கு எழுதவேண்டியிருக்கிறது என்பதை மாணவரும் பொறுமையாக விளக்கவேண்டும். பல வீடுகளில் பல்கலைக்கழகத்துக்குப் போன முதல் ஆள் அவர்தான். வீட்டில் உள்ளவர்கள் வேறு யாரிடம் கேட்டுத் தெரிந்துகொள்வது?

பெற்றோர் பக்கமும் ஒரு கடமை உண்டு. அப்பாவுக்கு உடம்பு சரியில்லை, வீட்டில் கடன் தொல்லை என்பதை, “படிக்கிற பிள்ளை மனசு கெடும்” என்று மறைத்துவைக்கிறார்கள். பிள்ளை வேறு யாரோ சொல்லித் தெரிந்துகொள்ளும்போது அதிர்ச்சி இரட்டிப்பாகிறது. அதேபோல் பிள்ளையும் தோல்வியை மறைக்கிறது. இரண்டு பக்கமும் மறைத்தால் இடையில் போவது படிப்பு.

உண்மையிலேயே படிப்பைத் தொடர முடியாத அளவுக்கு நோயோ துக்கமோ வந்தால், முறைப்படி ஒரு செமஸ்டர் ஒத்திவைக்க விண்ணப்பிக்கலாம். மருத்துவச் சான்றிதழ் அல்லது இறப்புச் சான்றிதழோடு உடனே விண்ணப்பித்தால் பல்கலைக்கழகம் பரிசீலிக்கும். சொல்லாமல் வகுப்புக்குப் போகாமல் நின்றுவிட்டால் அது தோல்வியாகவே பதிவாகும். தூக்கமின்மை, பயம், எதிலும் பிடிப்பில்லாமை தொடர்ந்தால் பல்கலைக்கழக ஆலோசனைப் பிரிவை நாடலாம். சுகாதார அமைச்சின் ஹீல் உதவித் தொலைபேசி எண் 15555. அங்கே பேசுவது பைத்தியம் என்று பெயர் வாங்குவதற்கல்ல, பாரத்தை இறக்கிவைப்பதற்கு.

வேலை தேடல்: கடைசி செமஸ்டரிலேயே

பட்டமளிப்பு விழா முடியட்டும் என்று காத்திருக்கத் தேவையில்லை. விழா பெரும்பாலும் சில மாதம் கழித்துத்தான் நடக்கும். பல்கலைக்கழகம் கொடுக்கும் படிப்பு நிறைவுக் கடிதத்தையும் புள்ளிப் பட்டியலையும் வைத்தே விண்ணப்பிக்கலாம்.

அரசாங்க வேலைக்கு எஸ்.பி.ஏ. எனப்படும் பொதுச் சேவை ஆணையத்தில் இணையம் வழி பதிவு செய்யலாம். எஸ்.பி.எம். மலாய்மொழியில் கிரெடிட் தேர்ச்சி இல்லாதவர்களுக்கு, குறிப்பாகத் தனியார் கல்லூரி வழி பட்டம் பெறும் சிலருக்கு, இங்கே தடை வரும். அதை மட்டும் மறுபடி எழுதிச் சரிசெய்ய முடியும் என்பதால் இப்போதே செய்யலாம். தனியார் துறைக்கு, சொக்சோவின் மைபியூச்சர்ஜோப்ஸ் தளம் இலவசம். பொறியியல் மாணவர்கள் பட்டம் பெற்றதும் பொறியாளர் வாரியத்தில் பட்டதாரிப் பொறியாளராகப் பதிந்துகொள்ள வேண்டும்.

பட்டமளிப்புக்கு முன் உயர்கல்வி அமைச்சின் எஸ்.கே.பி.ஜி. பட்டதாரி ஆய்வுப் படிவத்தை நிரப்பவேண்டும். நூலக அபராதம், விடுதிக் கட்டண பாக்கி இருந்தால் பட்டச் சுருள் கைக்கு வராமல் நிற்கலாம். பெயரையும் கவனிக்கவேண்டும். அடையாள அட்டையில் உள்ள எழுத்துகள், ஏ/எல், ஏ/பி உட்பட, பல்கலைக்கழகப் பதிவிலும் அப்படியே இருக்கின்றனவா என்று அச்சுக்குப் போகும் முன்பே பார்த்துவிட்டால் பின்னால் சத்தியப்பிரமாணம் எழுதி அலையவேண்டாம். தோட்டத்து முகவரிக்கு வரும் கடிதங்கள் அலுவலகத்தில் தங்கிவிடுவது உண்டு. நேர்காணல் கடிதம் தவறாமல் கைக்கு வரும் முகவரியையும் மாற்றாத தொலைபேசி எண்ணையும் கொடுக்கவேண்டும்.

சுருக்கமாக ஓராண்டு

முதல் மாதம்: கிரெடிட் கணக்கு, ஆய்வுத் தலைப்பு, அனுமதி விண்ணப்பம், வீட்டுக்கு அட்டவணை.

முதல் செமஸ்டர் முடிவதற்குள்: ஆய்வின் முதல் மூன்று அத்தியாயங்களின் வரைவு, பயிற்சி இடத்துக்கு விண்ணப்பம்.

இரண்டாம் செமஸ்டர் நடுவில்: தரவுகள் கையில், சுயவிவரக் குறிப்பு தயார், பரிந்துரை எழுதித்தர இரண்டு விரிவுரையாளர்களின் சம்மதம்.

கடைசி இரண்டு மாதம்: ஆய்வை ஒப்படைத்தல், பாக்கிகளைத் தீர்த்தல், பெயர் சரிபார்ப்பு, வேலைப் பதிவுகள், கடன் அட்டவணை.

பட்டமளிப்பு மண்டபத்தில் ஒரு மாணவருக்கு வழக்கமாக இரண்டு விருந்தினர் அட்டைகள்தாம் கொடுப்பார்கள். பாட்டியை அழைப்பதா, தம்பியை அழைப்பதா என்று வீட்டில் அன்றைக்கு ஒரு சின்னச் சண்டை நடக்கும். அந்தச் சண்டை குறித்த ஆண்டிலேயே நடக்கவேண்டுமானால், வேலை நகராத முதல் வாரத்திலேயே மேற்பார்வையாளருக்கு அந்தக் குறுஞ்செய்தி போய்ச் சேரவேண்டும்.